பத்து விரல் ரிப்போர்ட்டும் ஒரு அப்பா-மகன் கதையும்

ரெண்டு மாசமா ஆபிசில் ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை, மன்னிச்சுக்குங்க மக்களே. இன்னிக்கு எழுத வச்சது எங்க அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு போன். குரலே சரியில்லை.

"டேய், உன் மருமகன் ஸ்கூல்ல டேலண்ட் டெஸ்ட்னு எடுத்தாங்கல்ல, ரிப்போர்ட் வந்துடுச்சு. லாஜிக் ரொம்பக் கம்மின்னு போட்டிருக்கு. சயின்ஸ், இஞ்சினியரிங்லாம் ஒத்துவராதாம். ஈவண்ட் மேனேஜ்மெண்ட் நல்லா வருமாம்."

"என்னக்கா கேள்வி கேட்டாங்க?"

"கேள்வியெல்லாம் ஒண்ணும் கேக்கலைடா. பத்து விரலையும் ஸ்கேன் பண்ணாங்க. அவ்ளோதான்."

பையனுக்கு வயசு எட்டு. மூணாம் கிளாஸ். விரல் ரேகையை வச்சு மூளையின் எந்தப் பக்கம் வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சு, நாற்பது பக்கத்துக்கு கலர் கலரா சார்ட் போட்டுக் கொடுத்திருக்காங்க. ஃபீஸ் தனி. இந்த ரேகை சமாச்சாரத்துக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. நம்ம ஊர் கைரேகை ஜோசியருக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், ஜோசியர்கிட்ட லேமினேஷன் மெஷின் இல்லை :-)

அக்காவைச் சமாதானப்படுத்த அன்னிக்கு ஒரு கதை சொன்னேன். கதைன்னாலும் நிஜமா நடந்தது. சொல்லி முடிச்சப்புறம் எனக்கே அது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

*

1880களின் நடுவில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பம். பதினாலு பிள்ளைகள். பன்னிரண்டாவது பையன் பேர் லூயிஸ் டெர்மன். அவனுக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும்போது, ஊர் ஊராப் புத்தகம் விற்கிற ஒருத்தர் அவங்க வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு ஃப்ரெனாலஜியும் தெரியும். அதாவது, மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து ஆள் எப்படின்னு சொல்ற வித்தை. ஒவ்வொரு பிள்ளையா தலையைத் தடவிக்கிட்டே வந்தவர், இவன் முறை வந்ததும், இந்தப் பையன் பெரிய ஆளா வருவான்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ஃப்ரெனாலஜி சுத்தப் பொய். ஆனா ஜோசியம் பலிச்சது! பதினேழு வயசில் பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் ஹெட்மாஸ்டர், 1905இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், 1910இல் ஸ்டான்ஃபோர்டில் வேலை. ஒன்பது வயசில் ஒருத்தர் தலையில் கைவச்சு 'நீ பெரிய ஆளா வருவே'ன்னு சொன்னதுக்கும் இதுக்கும் எவ்வளவு சம்பந்தம்னு யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஆனா இந்த மனுஷன் தன் வாழ்க்கை முழுக்கச் செஞ்சது அந்த வேலையைத்தான். சின்னப் பசங்களைப் பார்த்து யார் பெரிய ஆளா வருவாங்கன்னு முன்கூட்டியே சொல்றது. மண்டை மேட்டுக்குப் பதிலா ஐக்யூ டெஸ்ட், அவ்ளோதான்.

அந்த டெஸ்ட் அவர் கண்டுபிடிச்சது இல்லை. 1905இல் பிரான்ஸில் ஆல்ஃப்ரெட் பினே, சிமோன்னு ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கினது. பினேயோட நோக்கம் வேற. பள்ளிக்கூடத்தில் பின்தங்குற குழந்தைகள் யாருன்னு கண்டுபிடிச்சு அவங்களுக்குக் கூடுதலா சொல்லிக்கொடுக்கணும். அறிவுங்கிறதை ஒரே நம்பரில் அடக்க முடியும்னு அவர் நினைக்கலை. 1911இல் பினே இறந்துட்டார். 1916இல் டெர்மன் அதை அமெரிக்காவுக்கு ஏத்த மாதிரி மாத்தி 'ஸ்டான்ஃபோர்ட்-பினே'ன்னு வெளியிட்டார். கீழே இருக்கிறவனைத் தூக்கிவிடச் செஞ்ச ஏணி, யார் மேலே இருக்கான்னு அளக்குற அளவுகோல் ஆயிடுச்சு.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் கேரியர் கவுன்சிலிங்கும் பிறக்குது. 1908இல் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர் 'வொகேஷன் பீரோ'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். அங்கே வந்தவங்களில் நிறைய பேர் ஏழைகள், வெளிநாட்டில் இருந்து குடியேறின குடும்பத்துப் பசங்க. பார்சன்ஸ் சொன்னது ரொம்ப சிம்பிள். முதலில் உன்னைத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் வேலைகளைத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் ரெண்டையும் பொருத்திப் பார். உட்கார வச்சுப் பேசுறது, கேட்கிறது, அதுதான் அவர் வழி. ஆனா அதே வருஷமே அவர் செத்துப் போயிட்டார். புத்தகம் 1909இல் வந்தது. அப்புறம் முதல் உலகப்போர் வந்து, அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்குக் கூட்டம் கூட்டமா அறிவு டெஸ்ட் வச்சது. அந்த டெஸ்டைத் தயாரிச்ச குழுவில் டெர்மனும் ஒருத்தர். உட்கார வச்சுப் பேசுறதை விட, பேப்பரைக் கொடுத்து மார்க் போடுறது சுலபமா இருந்துச்சு. சுலபமா இருக்கிறதுதானே எப்பவும் ஜெயிக்கும்?

*

1921இல் டெர்மன் தன் பெரிய ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். கலிஃபோர்னியா பள்ளிக்கூடங்களில் மகா புத்திசாலிக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து, வாழ்க்கை முழுக்க அவங்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்கிறது. ஐக்யூ 135க்கு மேல இருக்கணும், அதுதான் கட்டாஃப். தேர்ந்தெடுத்த விதம் சுவாரசியமானது. ஒவ்வொரு வகுப்பு டீச்சர்கிட்டயும் போய், உங்க வகுப்பிலேயே கெட்டிக்காரங்க மூணு பேர் யாரு, வயசில் ரொம்பச் சின்னது யாருன்னு கேட்டு, அவங்களுக்கு மட்டும் டெஸ்ட். டீச்சர் கண்ணில் படாத பிள்ளைக்கு டெஸ்டே கிடையாது.

கடைசியில் தேறினது 1,528 பேர். பையன்கள் 856, பெண்கள் 672. பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, நடுத்தர வர்க்கம். கறுப்பினக் குழந்தைகள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். டெர்மனோட ரெண்டு பிள்ளைகளும் லிஸ்டில் உண்டு (அப்பா வாத்தியாரா இருந்தா சும்மாவா!). இவங்களுக்கு 'டெர்மைட்ஸ்'னு செல்லப் பேர். கரையான்கள்!

கரையான்கள் என்ன ஆனாங்க? நல்லாதான் இருந்தாங்க. டாக்டர், வக்கீல், பேராசிரியர், விஞ்ஞானி. ஏன்சல் கீஸ்னு சாப்பாட்டுக் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ஞ்சவர், 'ஐ லவ் லூசி' டிவி தொடரோட எழுத்தாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர், இவங்கல்லாம் அந்த லிஸ்டில் இருந்தவங்க. ஆனா நோபல் பரிசு வாங்கினவர் ஒருத்தர்கூட இல்லை.

இப்பதான் கதையோட முக்கியமான இடம். டெஸ்ட் எழுதி, கட்டாஃப் வராம வெளியே போன பையன்களில் ரெண்டு பேர். ஒருத்தர் வில்லியம் ஷாக்லி. டிரான்சிஸ்டருக்காக 1956இல் இயற்பியல் நோபல் வாங்கினார். இன்னொருத்தர் லூயி ஆல்வரெஸ், 1968இல் இயற்பியல் நோபல். டைனோசர் அழிஞ்சது விண்கல் மோதித்தான்னு 1980இல் மகனோட சேர்ந்து சொன்னாரே, அவரேதான். ஷாக்லி நோபல் பரிசை வாங்கினது 1956 டிசம்பரில். அதே டிசம்பரில்தான் டெர்மன் இறந்தார்.

இதை அக்காகிட்ட சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ அந்த டெஸ்டும் டுபாக்கூர்தானா?" அப்படின்னாங்க.

முழுக்க டுபாக்கூர்னு சொல்லிட முடியாது. அது உண்மையிலேயே ஏதோ ஒண்ணை அளக்குது. ஆனா அது அளக்குறதுக்கும் ஒரு மனுஷன் என்ன ஆவான்கிறதுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கு. இதை டெர்மனே ஒத்துக்கிட்டார். அவரோட குழுவில் இருந்த மெலிட்டா ஓடன் 1968இல், கரையான் ஆண்களில் ரொம்ப நல்லா வந்த 100 பேரையும், பெருசா வராத 100 பேரையும் பிரிச்சு ஒப்பிட்டார். ஐக்யூவில் ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தது வளர்ந்த வீட்டில், அப்பா அம்மா கொடுத்த ஊக்கத்தில், தன்னம்பிக்கையில், எடுத்ததை விடாம முடிக்கிறதில்.

அந்த 672 பெண்கள்? அதே ஐக்யூதான். ஆனா ஏறக்குறைய பாதிப் பேர் இல்லத்தரசிகள். வேலைக்குப் போனவங்களில் நிறைய பேர் டீச்சர், செகரட்டரி. அந்தக் காலத்தில் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அவ்வளவுதான். கதவு மூடியிருந்தா நம்பர் என்ன செய்யும்?

இன்னொண்ணும் சொல்லியாகணும். டெர்மன் தன் கரையான்களுக்காக சிபாரிசுக் கடிதம் எழுதினார், ஸ்டான்ஃபோர்டில் சேர உதவினார். ஆராய்ச்சியாளர் செய்யக்கூடாத வேலை. எது ஐக்யூவால் வந்த வெற்றி, எது டெர்மன் கடிதத்தால் வந்த வெற்றின்னு பிரிக்கவே முடியாமப் போச்சு. ஆனா அதிலேயே ஒரு பதில் இருக்கு பாருங்க. பரம்பரை அறிவு எல்லாத்தையும் பார்த்துக்கும்னு எழுதின மனுஷனே, தன் பசங்கன்னு வந்தப்போ கடிதம் எழுதக் கிளம்பிட்டார்!

அவரோட கறுப்புப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கறுப்பினத்தவர், மெக்சிகோக்காரங்க, பூர்வகுடிகள் எல்லாருக்கும் பிறவியிலேயே அறிவு கம்மின்னு 1916 புத்தகத்திலேயே எழுதினவர். 'தகுதியில்லாதவங்களுக்கு'க் கட்டாயக் கருத்தடை செய்யணும்னு பிரசாரம் செஞ்ச அமைப்பில் உறுப்பினர். நம்பரை மனுஷனுக்கு மேல தூக்கி வச்சா போய்ச் சேர்ற இடம் இதுதான்.

*

இனி மகன். பேர் ஃப்ரெட் டெர்மன், 1900இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே ரேடியோ பைத்தியம். எம்.ஐ.டி.யில் வானிவர் புஷ்கிட்ட 1924இல் டாக்டர் பட்டம் முடிச்சு ஊருக்கு வந்தவருக்குக் காசநோய். மாசக்கணக்கில் படுக்கை. உடம்பு தேறினதும் ஸ்டான்ஃபோர்டிலேயே மின்பொறியியல் வாத்தியார் ஆனார்.

இவர் யாருக்கும் ஐக்யூ டெஸ்ட் வைக்கலை. தன் வகுப்புப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்தில் இருந்த சின்னச் சின்ன ரேடியோ கம்பெனிகளுக்குப் போவார். பாருங்கடா, இதைச் செய்றவங்க உங்களை மாதிரி ஆளுங்கதான்னு காட்டுறதுக்கு. அந்தக் கூட்டத்தில் ரெண்டு பேர், டேவ் பேக்கார்ட், பில் ஹ்யூலெட்.

ஹ்யூலெட்டுக்கு டிஸ்லெக்ஸியா. எழுத்து சரியா வராது, பள்ளிக்கூட மார்க் சுமார். ஸ்டான்ஃபோர்டுக்கு சிபாரிசு கேட்டப்போ, இந்த மார்க்குக்கு எப்படிங்க எழுதறதுன்னு பிரின்சிபல் தயங்கியிருக்கார். பையனோட அம்மாகிட்ட பேசும்போதுதான், காலமாகிப்போன பையனோட அப்பா தன்னோட பழைய மாணவர்னு பிரின்சிபலுக்குத் தெரிஞ்சது. தான் பார்த்ததிலேயே சிறந்த மாணவர்னு அவர் நினைவில் வச்சிருந்த ஆள். அப்புறம் என்ன, சிபாரிசு எழுதிட்டார்.

ரெண்டு பேரும் 1934இல் டிகிரி முடிச்சாங்க. பேக்கார்ட் கிழக்கே ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலைக்குப் போயிட்டார். 1938இல் அவர் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பி வர ஒரு உதவித்தொகையை ஏற்பாடு பண்ணினவர் ஃப்ரெட் டெர்மன்தான். பாலோ ஆல்ட்டோவில் அடிசன் அவென்யூவில் ஒரு கார் ஷெட், கையில் 538 டாலர். 1939 ஜனவரி 1, ஹ்யூலெட்-பேக்கார்ட் பிறந்தது. முதல் சரக்கு 200ஏன்னு ஒரு ஆடியோ ஆஸிலேட்டர். ஹ்யூலெட்டோட ஆய்விலிருந்து வந்தது. சர்க்யூட்டை நிலையா வச்சுக்க ஒரு சாதாரண குட்டி பல்பைப் பயன்படுத்தினதுதான் அதிலிருந்த தந்திரம். அதனால விலை ரொம்பக் கம்மி. டிஸ்னிகாரங்க 'ஃபேண்டசியா' படத்துக்காக அடுத்த மாடலில் எட்டு வாங்கினாங்க. அந்த ஷெட்டு வாசலில் இன்னிக்கு 'சிலிகான் வேலி பிறந்த இடம்'னு பலகை இருக்கு. அதிலே ஃப்ரெட் டெர்மன் பேரும் இருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா அழகான நீதிக்கதை. ஆனா சரித்திரத்துக்குக் குசும்பு ஜாஸ்தி.

அப்பாவோட டெஸ்டில் தேறாத ஷாக்லியை, சொந்தமா கம்பெனி தொடங்கும்போது ஸ்டான்ஃபோர்டு பக்கமே வாங்கன்னு கூப்பிட்டது மகன் டெர்மன். 1956இல் மவுண்டன் வியூவில் ஷாக்லியோட லேப் வந்தது. அங்கே வேலைக்கு ஆள் எடுக்க ஷாக்லி என்ன செஞ்சார் தெரியுமா? சைக்காலஜி டெஸ்ட்! வந்தவங்களை நியூயார்க்குக்கு அனுப்பி டெஸ்ட் எடுக்க வச்சார். அதில் ரெண்டு பேருக்கு, ஆளு புத்திசாலிதான், ஆனா மேனேஜரா தேறமாட்டாங்கன்னு ரிப்போர்ட். அவங்க பேர் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர். 1957இல் ஷாக்லியோட தொல்லை தாங்காம எட்டுப் பேரா வெளியே போய் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரை ஆரம்பிச்சாங்க. 1968இல் அந்த ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சது இண்டெல்.

ஷாக்லி? 1963இல் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அதுக்கப்புறம் 1989இல் சாகுற வரைக்கும், கறுப்பினத்தவருக்கு ஐக்யூ பிறவியிலேயே கம்மின்னு ஊர் ஊராப் பேசிக்கிட்டுத் திரிஞ்சார். சின்ன வயசில் அந்த அளவுகோல் தன்னையே தப்பா அளந்ததை மறந்துட்டு!

*

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நம்ம ஊரில் 'கவுன்சிலிங்'னா என்ன அர்த்தம்? யாராவது உட்கார வச்சு உனக்கு என்னப்பா பிடிக்கும்னு கேட்கிறதா? இல்லை. சீட்டு பிரிச்சுக் கொடுக்கிறது. 2015இல் நான் அப்பாவோட அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கணக்குக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு, ஆக இருநூறுக்குக் கட்டாஃப். ஸ்கிரீனில் காலேஜ் பேரும் மிச்சம் இருக்கிற சீட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். கண்ணெதிரே நம்பர் குறையும். சில நிமிஷத்தில் என் வாழ்க்கை முடிவாச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன். ஏன்னு கேட்டீங்கன்னா, சீட்டு இருந்துச்சு. (2018இல் இருந்து இதெல்லாம் ஆன்லைன்.)

பிளஸ் டூவில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் ஒருத்தன். பழைய டேப் ரிக்கார்டரைப் பிரிச்சு எஃப்எம் ரேடியோ செய்வான். எனக்கு சால்டரிங் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். வேதியியல் மட்டும் அவனுக்கு எமன். கட்டாஃப் எங்கேயோ போச்சு. இப்போ திருச்சியில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை வச்சு நல்லாதான் இருக்கான், பாவம்னு சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா பதினேழு வயசில் அவனை ஒரே ஒரு லேபுக்கு யாராவது கூட்டிட்டுப் போயிருந்தா? எங்க ஸ்கூலில் அவனுக்குக் கிடைச்ச கேரியர் கவுன்சிலிங், 'ஒழுங்கா ஈக்வேஷன் எழுதிப் பாருடா'.

அப்போ கட்டாஃபைத் தூக்கிடலாமான்னு கேட்டா, நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன். ஹ்யூலெட் கதையைத் திரும்பப் படிங்க. அவருக்குக் கதவு திறந்தது, அப்பா யாருன்னு தெரிஞ்சதால. எங்கப்பாவை எந்த பிரின்சிபலுக்கும் தெரியாது. எங்க வம்சத்தில் காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு எங்க அக்கா, ரெண்டாவது நான். எங்களை உள்ளே விட்டது, அப்பன் பேர் கேட்காத அந்த நம்பர்தான். சிபாரிசை மட்டும் நம்பியிருந்தா என் கதை கேட்டிலேயே முடிஞ்சிருக்கும்.

அதனால நம்பர் கதவுக்கு இருக்கட்டும். ஆனா கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு ஃப்ரெட் டெர்மன் வேணும். 'வாடா, ஒரு இடம் காட்டறேன்'னு சொல்ற ஒரு ஆள். அப்பா டெர்மன் முப்பத்தஞ்சு வருஷம் திறமையைத் தேடினார். மகன், எதிரே உட்கார்ந்திருந்த பசங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். நாற்பது பக்க ரிப்போர்ட்டில் இல்லாதது இதுதான்.

*

அக்காகிட்ட கடைசியா கேட்டேன்.

"ரிப்போர்ட்டை விடுக்கா. உன் பையன் வீட்ல சும்மா இருக்கும்போது என்ன பண்றான்?"

"அதை ஏன் கேக்கறே, போன வாரம் பழைய மிக்சியைக் கழட்டிப் போட்டுட்டான். திரும்ப மாட்டத் தெரியலை. நாலு ஸ்க்ரூ மிச்சம்!"

"அவன்கிட்ட போனைக் குடு."

"மாமா... நான் வேணும்னு உடைக்கலை மாமா."

இந்தச் சனிக்கிழமை அவனை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு குட்டி மோட்டார், பேட்டரி, ரெண்டு எல்இடி, முடிஞ்சா ஒரு சால்டரிங் அயர்ன் (அக்காவுக்குத் தெரியாம!). அவன் இஞ்சினியர் ஆவானா, ஈவண்ட் மேனேஜர் ஆவானான்னு எனக்குத் தெரியாது. என் வேலை, கடைத்தெருவைக் காட்டுறது மட்டும்.

உங்களை அப்படிக் கையைப் பிடிச்சு எங்கேயாவது கூட்டிட்டுப் போனவங்க யாராவது உண்டா? இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா, படிக்க ஆசையா இருக்கு.

டிஸ்கி: அந்த மிச்ச நாலு ஸ்க்ரூவும் பத்திரமா டப்பாவில் இருக்காம். மிக்சி இப்போ ஓடுதான்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க.